சமூக டூலா வேலை: முதல் சந்திப்பிலிருந்து பச்சை உடம்பு தேறும்வரை

அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்களுக்கும் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கும் டூலாவாக, அதாவது பேறுகாலத் துணையாக, நிற்க விரும்பும் தமிழ்ப் பெண்களுக்கான வழிகாட்டி இது. பயிற்சி வகுப்பில் இடுப்பைப் பிடித்துவிடச் சொல்லித் தருகிறார்கள், மூச்சு விடச் சொல்லித் தருகிறார்கள். எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதுதான் அங்கே கிடைப்பதில்லை. புதியவர்கள் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் வரிசை புரியும். 2023-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 50.3 கறுப்பினத் தாய்மார் இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மாரில் அது 14.5. பேறுகால மரணங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை என்கிறது நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. அவற்றில் பாதிக்கு மேல் நடப்பது குழந்தை பிறந்து ஏழாம் நாளிலிருந்து ஓராண்டு முடிவதற்குள். பிரசவ அறையில் நிற்பது இந்த வேலையில் ஒரு பகுதிதான். உயிர் போகும் இடங்களில் பல, வீடு திரும்பிய பிறகு வருகின்றன.

1. வகுப்பில் சேர்வதற்கு முன்: விசாவும் மாநில விதியும்

முதலில் விசாவைப் பாருங்கள். எச்-4 விசாவில் இருப்பவர் பயிற்சி வகுப்பில் உட்காரலாம். கூலி வாங்க வேலை அனுமதி அட்டை வேண்டும். எச்-1பி-யில் இருக்கும் துணைவருக்கு, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2015 முதல் இந்த வழி இருக்கிறது. "காசு வாங்காமல் சும்மாதானே செய்கிறேன்" என்பதும் எப்போதும் பாதுகாப்பல்ல. பிறருக்குச் சம்பளம் கொடுக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் கேள்வி வரலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து மாநிலம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு டூலாவுக்குப் பணம் தருகிறதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரேகனும் மின்னசோட்டாவும் முதலில் தொடங்கின. நியூ ஜெர்சி 2021-இலும், கலிஃபோர்னியா 2023 ஜனவரியிலும், நியூயார்க் மாநிலம் முழுவதும் 2024 மார்ச்சிலும் சேர்ந்தன.

கலிஃபோர்னியாவில் பயிற்சி வழியாக வருகிறவருக்குக் குறைந்தது 16 மணி நேரப் பயிற்சியும் மூன்று பிரசவங்களில் துணை நின்ற அனுபவமும் வேண்டும். பெரியவர்களுக்கும் சிசுக்களுக்குமான சி.பி.ஆர். (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) சான்றிதழும், நோயாளி ரகசியம் காக்கும் ஹிப்பா பயிற்சியும் கூடவே தேவை.

இவற்றைச் செய்யும் வரிசை: பயிற்சி, மூத்த டூலாவுடன் மூன்று பிரசவம், சி.பி.ஆரும் ஹிப்பாவும், என்.பி.ஐ. எண், மெடிக்கெய்டில் பதிவு, கடைசியாகத் திட்டம் நடத்தும் காப்பீட்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம். என்.பி.ஐ. என்பது மருத்துவச் சேவை தருவோருக்கான அடையாள எண். அது இலவசம், இணையத்தில் கிடைக்கும். பலர் மெடிக்கெய்ட் பதிவோடு நின்றுவிடுகிறார்கள். தாய் ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் மெடிக்கெய்ட் திட்டத்தில் இருந்தால், அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத டூலாவின் பில் திரும்பி வந்துவிடும். மூன்று மாத உழைப்பு கூலியில்லாமல் போவது இப்படித்தான்.

2. யார் வீட்டுக்கு யார் போவது

சமூக டூலா முறையின் அடிப்படையே, அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள் அந்தச் சமூகத்துத் தாய்க்குத் துணை நிற்பது. சிகாகோவின் ஹெல்த்கனெக்ட் ஒன், புரூக்ளினின் ஏன்ஷியன்ட் சாங், வாஷிங்டன் டி.சி.யின் மமடோடோ வில்லேஜ், சியாட்டிலின் ஓப்பன் ஆர்ம்ஸ் போன்ற அமைப்புகள் இந்த அடிப்படையில்தான் ஆட்களைப் பயிற்றுவிக்கின்றன. தனியாக விளம்பரம் போட்டுத் தொடங்காமல் இப்படி ஓர் அமைப்பில் சேருங்கள். வழிகாட்ட மூத்தவர், மாற்று ஆள், மொழி தெரிந்த சக டூலா மூன்றும் அங்கேதான் கிடைக்கும்.

கறுப்பினத் தாய் ஒருவர் உங்களுக்கு ஒதுக்கப்பட்டால், "உங்கள் சமூகத்து டூலா ஒருவர் வேண்டுமா, நான் வரலாமா?" என்று அமைப்பின் வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வேறொருவரைக் கேட்டால் அதில் உங்களுக்கு அவமானம் ஒன்றுமில்லை. கறுப்பு நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் பேச்சை நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அதைக் களைந்துவிட்டுத்தான் அந்த வாசலில் கால் வைக்க வேண்டும். முதல் ஐந்து குடும்பங்களுக்காவது மூத்த டூலா ஒருவரோடு சேர்ந்தே போங்கள்.

3. வருகைகளை முதலிலேயே பங்கிடுங்கள்

குடும்பத்தைப் பார்க்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நியூயார்க் மெடிக்கெய்டில் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து எட்டு வருகைகள், பிரசவ நேரத் துணை தனி. கலிஃபோர்னியாவில் 90 நிமிட முதல் சந்திப்பு, அதன்மேல் எட்டு வருகைகள், பிரசவத் துணை, பிறகு மூன்று மணி நேர நீண்ட வருகைகள் இரண்டு.

புதியவர்கள் எட்டில் ஆறைப் பிரசவத்துக்கு முன்பே செலவழித்துவிடுகிறார்கள். வகுப்பு எடுக்க ஆசை, தாயும் ஆவலோடு கூப்பிடுகிறார். பிள்ளை பிறந்த பத்தாம் நாள் தலைவலியோடு அவர் படுத்திருக்கும்போது கையில் வருகை மிச்சமிருக்காது.

எட்டு என்றால் முன்னால் மூன்று, பின்னால் ஐந்து. முன்னால்: ஏறக்குறைய 28, 33, 36-ஆம் வாரங்கள். பின்னால்: மூன்றாம் நாள், ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள், மூன்றாம் வாரம், ஆறாம் வாரம், நான்காம் மாதம். இடைப்பட்ட சந்தேகங்களுக்குப் போன் போதும். தாய் முன்கூட்டியே, 16 வாரத்துக்கு முன் வந்து சேர்ந்தால் முதல் வருகையை அப்போதே வையுங்கள். காரணம் 6-ஆம் பகுதியில் இருக்கிறது.

4. முதல் சந்திப்பு: படிவத்தை மூடி வையுங்கள்

படிவத்தை விரித்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்குவது முதல் தவறு. அரசு அலுவலகங்களில் அதையே அனுபவித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "இதுவரை மருத்துவமனையில் உங்களை எப்படி நடத்தியிருக்கிறார்கள்?" என்ற ஒரே கேள்வியோடு அரை மணி நேரம் உட்காருங்கள். "வலிக்கிறது என்றேன், நம்பவில்லை" என்பது போல அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிரசவத் திட்டத்தின் முதல் வரி அங்கிருந்துதான் வரும்.

பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள் என்பதை உடைத்துச் சொல்லுங்கள். உள்பரிசோதனை, மருந்து, நோய் இன்னதென்று சொல்வது, மருத்துவர் சொன்னதை மாற்றிச் சொல்வது ஆகியவை உங்கள் வேலையில் இல்லை. குழந்தைக்குத் தீங்கு நேர்வதாகத் தெரிந்தால் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை டூலாவுக்கு உண்டா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. உங்கள் மாநிலத்தில் உண்டென்றால் அதையும் முதல் நாளே சொல்லுங்கள். குழந்தைகள் நலத் துறையின் விசாரணை கறுப்பினக் குடும்பங்கள் மேல் அளவுக்கு மிஞ்சி விழுகிறது. பின்னால் தெரியவந்தால் நம்பிக்கை அதோடு போயிற்று.

குடியேற்ற நிலையைக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னாலும் எழுதாதீர்கள். உங்கள் குறிப்பேடு எங்கே போய்ச் சேரும் என்பது உங்கள் கையில் இல்லை. மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்திய பழைய கொள்கையை 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார்கள், அதனால் பயம் கூடியிருக்கிறது. "ஒன்றும் ஆகாது" என்று ஆறுதல் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. "போகாதீர்கள்" என்று சொல்லவும் இல்லை. இலவசச் சட்ட உதவி மையத்தின் எண்ணைக் கொடுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. பிரசவ வலியோடோ உயிருக்கு ஆபத்தோடோ அவசரப் பிரிவுக்கு வருகிறவரை, காப்பீடும் ஆவணமும் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1986 முதல் கூட்டாட்சிச் சட்டம். விக் என்கிற தாய்சேய் சத்துணவுத் திட்டம் குடியேற்ற நிலையைப் பார்ப்பதில்லை. நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் கர்ப்பிணிகளுக்கு அந்த நிலை பாராமல் மெடிக்கெய்ட் தருகின்றன.

பத்து நிமிடமாவது தாயுடன் தனியாகப் பேசுங்கள். வீட்டில் அடி உதை உண்டா என்பதையும், சிறுவயதில் பிறப்புறுப்பு வெட்டித் தைக்கப்பட்டதா என்பதையும் மாமியார் முன்னிலையில் கேட்க முடியாது. சோமாலியா, சூடான், கினி, மாலி நாடுகளிலிருந்து வந்த தாய்மாரிடம் இரண்டாவதைக் கேட்டாக வேண்டும், அவர்கள் பயன்படுத்தும் சொல்லிலேயே, முகம் சுளிக்காமல். தையலை எப்போது திறப்பது என்று மருத்துவர் முன்கூட்டியே பேசி வைக்கவில்லையென்றால், பிரசவ அறையில் பதறிப்போய்த் தேவையில்லாத சிசேரியனுக்கு ஓடுவார்கள்.

5. இரண்டாம் சந்திப்பு: அபாய அறிகுறிகளும் பிரஷர் மெஷினும்

மருத்துவமனைப் பையைத் தயார் செய்வதற்கும் மூச்சுப்பயிற்சிக்கும் முன்னால் இது வர வேண்டும். குழந்தை 34 வாரத்தில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தேவைப்படாமலே போகலாம், இது தேவைப்படும்.

கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்று ஓராண்டு வரையிலும் உடனே கூப்பிட வேண்டியவை: விடாத அல்லது கூடிக்கொண்டே போகும் தலைவலி, கண் மங்குவது, பூச்சி பறப்பது, மயக்கம், முகமும் கையும் வீங்குவது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, படபடப்பு, கடுமையான வயிற்றுவலி, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். ஒரு காலில் மட்டும் வீக்கம், சிவப்பு, வலி. தன்னையோ குழந்தையையோ என்னவாவது செய்துவிடத் தோன்றுவது. கர்ப்பத்தில் குழந்தையின் அசைவு குறைவது. பிரசவத்துக்குப் பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, முட்டையைவிடப் பெரிய ரத்தக்கட்டி வருவது.

படித்துக் காட்டுவதோடு நிற்காதீர்கள். "ராத்திரி இரண்டு மணிக்குத் தலைவலி, மாத்திரைக்குக் கேட்கவில்லை. யாரைக் கூப்பிடுவீர்கள்? கார் யாருடையது? பெரிய பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டுப் பதிலை எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் தடங்கல் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது.

ஓர் அட்டை தயார் செய்யுங்கள், உள்ளங்கை அளவு. முன்பக்கம் ஆங்கிலத்தில்: "எனக்கு இந்தத் தேதியில் குழந்தை பிறந்தது. இந்த ஆபத்து எனக்கு ஏற்கெனவே உண்டு. என் மொழி இது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும்." பின்பக்கம் தாயின் மொழியில் அதே வரிகள். அவசரப் பிரிவின் முன்மேசையில் "தலைவலி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். "பிள்ளை பெற்று 9 நாள், தலைவலி" என்றால் அது வேறு வரிசை. ஒன்றைப் பணப்பையில் வைக்கச் சொல்லுங்கள், ஒன்றை பிரிட்ஜில் ஒட்டுங்கள்.

பிரஷர் மெஷின் வீட்டிலேயே இருக்க வேண்டும். பல மெடிக்கெய்ட் திட்டங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தருகின்றன. பட்டை சரியான அளவா என்று பாருங்கள். மேல்கையின் நடுவில் சுற்றளவு 22–26 செ.மீ. என்றால் சிறியது, 27–34 என்றால் சாதாரணம், 35–44 என்றால் பெரியது. சிறிய பட்டையைப் பெரிய கையில் கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்.

எடுக்கும் முறை: சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் பின்னாமல் பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். சட்டைக் கையின் மேல் கட்டக் கூடாது. கையை மேசையில் வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் எடுக்க வேண்டும். தாய் தன் கையாலேயே எடுத்துத் தானே எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் நீங்கள் இல்லாத நாளில் அது மூலையில் கிடக்கும். 140/90 என்றால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். மேல் எண் 160-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தொட்டால் உடனே மருத்துவமனை. இரண்டில் ஒன்று போதும்.

6. மருத்துவரிடம் தாய் கேட்க வேண்டியவை

ஆஸ்பிரின்: கர்ப்பகால ரத்தக்கொதிப்பைத் தடுக்க நாளுக்கு 81 மில்லிகிராம், 12-ஆம் வாரத்துக்குப் பிறகு, 16-க்கு முன் தொடங்குவது நல்லது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவின் 2021 பரிந்துரையில் முதல் பிரசவம், 35 வயது அல்லது மேல், குறைந்த வருமானம், கறுப்பினத்தவராக இருப்பது எல்லாம் மிதமான ஆபத்துக் காரணிகள். கறுப்பினம் அதில் இருப்பது உடலால் அல்ல, இனப்பாகுபாடு சுமத்தும் பாரத்தால். இரண்டு சேர்ந்தாலே பேச்சை எடுக்கலாம். "எனக்கு ஆஸ்பிரின் தேவையா?" என்று தாய் கேட்கட்டும். நீங்கள் மாத்திரை வாங்கித் தரக் கூடாது.

முன்பு சிசேரியன் ஆனவர் இம்முறை சுகப்பிரசவத்துக்கு முயல விரும்பி, வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் ஓர் எண்ணைச் சொன்னால், அது எந்தக் கணிப்பானில் வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். கறுப்பினப் பெண்களுக்கும் லத்தீன் அமெரிக்கப் பெண்களுக்கும் தானாகவே எண்ணைக் குறைத்துக் காட்டிய பழைய கணிப்பானில் இனக் கேள்வியை 2021-இல் நீக்கிவிட்டார்கள். பழசை இன்னும் யாராவது தட்டிப் பார்க்கக் கூடும்.

கூடவே இரண்டு. பிரசவ அறையில் டூலாவை விருந்தாளிக் கணக்கில் சேர்ப்பார்களா? தாயிடமோ குழந்தையிடமோ போதைப்பொருள் சோதனை செய்வதானால் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்குவார்களா?

7. மொழிபெயர்ப்பாளர்: நீங்கள் அல்ல

கூட்டாட்சிப் பணம் வாங்கும் மருத்துவமனை தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 1964 குடிமை உரிமைகள் சட்டமும் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் அதைச் சொல்கின்றன. உயிர் ஆபத்தான அவசரம் தவிர, சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது.

மொழி தெரிந்த டூலாவை "நீங்களே சொல்லிவிடுங்களேன்" என்று நர்ஸ் கேட்பார். தண்ணீர் வேண்டுமா என்பதற்குச் சரி. எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி), சிசேரியன், ரத்தம் ஏற்றுவது போன்ற ஒப்புதல்களுக்கு மறுத்துவிடுங்கள். ஒரு சொல் தவறினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அதைவிட முக்கியம், மொழிபெயர்த்துக்கொண்டே தாயின் கையைப் பிடித்திருக்க முடியாது.

மொழியின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். ஹைட்டி தாய்க்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் பயன்பட மாட்டார். அவர் பேசுவது ஹைட்டியன் கிரியோல். குவாத்தமாலாவிலிருந்து வந்தவர் மாம் அல்லது கிச்சே பேசுகிறவராக இருக்கலாம். ஸ்பானிஷுக்குத் தலையாட்டுவார், புரிந்திருக்காது. சோமாலியரிலும் மாய் பேசுகிறவர்கள் தனி. 28-ஆம் வாரத்திலேயே மருத்துவமனைப் பதிவில் மொழியைத் திருத்த வையுங்கள். போனில் மொழிபெயர்ப்பாளர் வந்ததும் அவருடைய அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. மூன்றாம் சந்திப்பு: ஒரு பக்கத் திட்டம்

நர்ஸ் படிப்பது ஒரு பக்கம்தான். மேலே தாயின் பெயரும் மொழியும், அடுத்து அவர் அஞ்சுவது ஒன்று, பிறகு விரும்புவது ஐந்து. வழக்கங்களையும் இங்கேயே எழுதுங்கள்: பெண் மருத்துவர், குழந்தையின் காதில் பாங்கு சொல்வது, குளிர்ந்த தண்ணீர் தராமை. நம் வீட்டுப் பத்தியத்தைப் போலவே சோமாலிக் குடும்பங்களில் நாற்பது நாள் கணக்கு உண்டு. ஹைட்டிக் குடும்பங்களில் இலை போட்ட வெந்நீர்க் குளியல் உண்டு. "எதற்கு?" என்று கேட்காமல் "எப்படிச் செய்வீர்கள், யார் செய்வார்கள்?" என்று கேட்டால் பிரசவத்துக்குப் பிந்தைய உதவிக்கு ஆள் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் அந்தப் பாட்டி ஊரில் இருப்பார், இங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

9. வலி எடுத்த பிறகு

சூட்டுவலியா, பிரசவ வலியா என்ற குழப்பத்துக்குப் பழைய கணக்கு: முதல் பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம். அடுத்தடுத்த பிரசவம் என்றால் இதற்குக் காத்திருக்காதீர்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் வந்தாலோ, அசைவு குறைந்தாலோ கணக்கே கிடையாது, கிளம்ப வேண்டியதுதான்.

இடுப்புவலிக்கு இருபக்கம் அழுத்துவது: தாய் முட்டி போட்டுக் கட்டில் மேல் குப்புறச் சாய்ந்திருக்கட்டும். பின்னால் நின்று, இரு உள்ளங்கைகளையும் இடுப்பெலும்பின் விளிம்புக்குக் கீழே, பிட்டத்தின் சதைப்பற்றான இடத்தில் வையுங்கள். விரல்கள் முதுகெலும்பைப் பார்த்திருக்க வேண்டும். வலி ஏறும்போது உள்நோக்கியும் சற்று மேல்நோக்கியும் அழுத்தி, இறங்கும்வரை விடாதீர்கள். கை வலிமையால் செய்தால் இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு போய்விடும். முழங்கையை மடக்காமல் உடல் எடையைச் சாய்த்துச் செய்யுங்கள். "போதுமா, இன்னும் வேண்டுமா?" என்று முதல் இரண்டு வலிகளுக்கு இடையில் கேட்டுக்கொள்ளுங்கள், வலியின் உச்சத்தில் கேட்காதீர்கள்.

அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை நிலை மாற்றுங்கள். மணிக்கொரு முறை சிறுநீர். எபிடியூரல் போட்ட பிறகும் வேலை முடியவில்லை: ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்கால்களுக்கு நடுவே நிலக்கடலை வடிவப் பந்தை வைத்து, நர்ஸின் உதவியோடு பக்கம் மாற்றிக்கொண்டே இருங்கள். எபிடியூரல் கேட்ட தாயைத் தோற்றவளாகப் பார்க்கும் டூலாக்கள் இருக்கிறார்கள். அந்தப் பார்வை தாய்க்கு நன்றாகவே தெரியும்.

10. சொன்னது காதில் விழாதபோது

கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன் என்பது போன்ற பொய் நம்பிக்கைகளில் ஒன்றையாவது வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் நம்பியதை 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆகவே இது நடக்கும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

தாயின் இடத்தில் நின்று நீங்கள் வாதாடக் கூடாது. சண்டை போட்டால் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், தாய் தனியாகிவிடுவார். அவருடைய சொல்லை அறையில் ஒலிக்க வைப்பதே உங்கள் வேலை. படி படியாக ஏறுங்கள்.

முதலில் தாயிடம், நர்ஸுக்குக் கேட்கும்படி: "மூச்சு முட்டுகிறது என்றீர்களே, அதை இன்னொரு முறை சொல்கிறீர்களா?" அடுத்து நர்ஸிடம்: "அவர் இப்போது சொன்னதைக் கவனித்தீர்களா?" பதில் இல்லையென்றால் அந்தப் பிரிவின் பொறுப்பு நர்ஸ், பிறகு பணியில் உள்ள தலைமை மருத்துவர், பிறகு நோயாளி நலப் பிரதிநிதி. பல மருத்துவமனைகளில் குடும்பத்தினரே அழைக்கக்கூடிய அவசரக் குழு உண்டு. அதன் எண்ணை அறைக்குள் நுழைந்ததும் குறித்து வையுங்கள். "நான் கேட்டேன், செய்ய வேண்டாம் என முடிவெடுத்தீர்கள் என்பதை என் பதிவேட்டில் எழுதுங்கள்" என்று தாயோ துணைவரோ சொல்வது பலமுறை கதவைத் திறக்கும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். "எண் நன்றாகத்தானே இருக்கிறது" என்றால், மூச்சுத் திணறுகிறது என்று தாய் மறுபடியும் சொல்லட்டும். பிரஷரின் மேல் எண் 160-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தொட்டு நீடித்தால் 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டும் என்பது மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் நெறி. முதல் எண் எப்போது வந்தது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள்.

அவசரமில்லாத முடிவுகளுக்கு ஐந்து கேள்விகள்: இதனால் என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி என்ன, என் மனம் என்ன சொல்கிறது, ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகும்? பிறகு, "நாங்கள் தனியாகப் பேச ஐந்து நிமிடம் தாருங்கள்."

11. வீடு திரும்பிய முதல் பத்து நாள்

பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் உச்சம் தொடுவது மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள். உங்கள் வருகை மூன்றாம் நாளில் விழ வேண்டிய காரணம் அதுதான். குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன் தாயிடம் போங்கள். பிரஷர் எடுக்கச் சொல்லுங்கள், ரத்தப்போக்கைக் கேளுங்கள், காலைப் பாருங்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கள். கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவருக்கு ஏழிலிருந்து பத்து நாளுக்குள் மருத்துவரிடம் பரிசோதனை வேண்டும், கடுமையாக இருந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள். அந்த நேரம் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே தாய் போன் செய்யட்டும்.

குழந்தைக்கு: 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு ஈரத் துணிக்குக் குறையக் கூடாது. மலம் மஞ்சளாகியிருக்க வேண்டும். பிறந்த எடை பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் திரும்பி வர வேண்டும். கருமையான தோலில் மஞ்சள் காமாலை கண்ணுக்குத் தப்பிவிடும். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெண்பகுதியையும் ஈறையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் பிலிருபின் சோதனை கேட்கச் சொல்லுங்கள். பச்சிளங்குழந்தைக்கு 100.4 டிகிரி என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

12. மனம்

மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ கேள்வித்தாளை நிரப்பச் சொல்லுங்கள். பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். பல மொழிகளில் இருக்கிறது, தமிழிலும் உண்டு. பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மற்ற ஒன்பதும் பூஜ்யமாக இருந்தாலும் அதற்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். தாய்மார் மனநலத் தொலைபேசி 1-833-852-6262, இரவு பகல் எந்நேரமும், மொழிபெயர்ப்பாளரோடு. தற்கொலை எண்ணத்துக்கு 988.

"மனச்சோர்வா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். "குழந்தை தூங்கும்போது உங்களால் தூங்க முடிகிறதா?" என்று கேளுங்கள்.

13. குறிப்பு, மாற்று ஆள், கடைசி வருகை

வருகை முடிந்த அன்றே தேதி, நேரம், என்ன பேசினோம், அடுத்து என்ன என்று ஐந்து வரி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் பில்லும் நிற்காது, நினைவும் நிற்காது. 37-ஆம் வாரத்திலிருந்து போனை அணைக்க முடியாது என்பதால் தொடக்கத்தில் மாதம் ஒன்று அல்லது இரண்டு பிரசவத்துக்கு மேல் ஏற்காதீர்கள். மாற்று டூலாவை 36-ஆம் வார வருகையில் நேரில் அறிமுகப்படுத்துங்கள். நடுராத்திரியில் முன்பின் அறியாத முகம் கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள்.

நான்காம் மாத வருகையில் தாய்க்கென்று குடும்ப மருத்துவர் ஒருவர் அமைந்திருக்கிறாரா என்று பாருங்கள். கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பு வந்தவருக்குப் பிற்காலத்தில் இதயநோய் ஆபத்து கூடும். அந்த விவரம் அந்த மருத்துவரின் பதிவேட்டில் ஏற வேண்டும். மெடிக்கெய்ட் எந்தத் தேதியில் முடிகிறது என்று காலண்டரில் வட்டமிடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் இப்போது பிரசவத்துக்குப் பின் 12 மாதம் வரை உண்டு. பிரிட்ஜில் ஒட்டிய அட்டையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.